தசையைத் தட்டிப் பார்த்த கதை

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் கொடுப்பா, ஆனா படிக்கிறவனுக்குப் புரியணும்" என்றார்கள். இந்த இரண்டும் ஒரே கட்டுரையில் அமைவது கஷ்டம் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ரொம்ப நாளாக என் மனசில் ஒரு சரித்திரம் கிடக்கிறது. மனிதனுடைய தசை எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதை அல்ட்ராசவுண்டு வைத்து அளக்கக் கற்றுக்கொண்ட சரித்திரம். டாக்டர்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முக்கால்வாசி நம்ம ஆட்கள் செய்த வேலை இது. பாய்லர் கட்டுகிறவர்கள், பூமி அதிர்ச்சியை ஆராய்கிறவர்கள், செயற்கைக் கால் செய்கிறவர்கள் எல்லாரும் இதில் வருகிறார்கள்.

குள்ளஞ்சாவடிப் பக்கம் நாலு வருஷம் படித்த யாருக்கும் பலாப்பழம் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் செம்மண், முந்திரி. சீசன் வந்தால் பலா வண்டி வண்டியாக வந்து இறங்கும். அனுபவப்பட்ட வியாபாரி பழத்தை வெட்டிப் பார்ப்பதில்லை. முள்ளின் மேல் கை வைத்து ஒரு அமுக்கு. பிறகு விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். காயாக இருந்தால் சத்தம் கெட்டியாக வரும், பழுத்திருந்தால் உள்ளே அமுங்கிப் போகும். அமுக்கிப் பார்ப்பது ஒரு வழி, தட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. தசையை அளக்க வந்த விஞ்ஞானிகளும் இந்த இரண்டு வழியில்தான் போனார்கள். மூன்றாவது வழியை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

எதற்காக அளக்க வேண்டும்? டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாதா? தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குப் போய்ச் சேராது.

என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை மடங்கி இறுகிப் போயிற்று. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முழங்கையை நீட்டி மடக்கிப் பார்த்து நோட்டில் 2 என்று எழுதினார். அடுத்த மாதம் வேறொருவர் பார்த்து 1+ என்று எழுதினார். பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "இறுக்கம் குறையுதாம்ப்பா" என்றார். நான் சும்மா தலையாட்டினேன். குறைந்தது இறுக்கமா, இல்லை பார்த்த கை மாறியதால் மார்க் மாறியதா? நான் தெர்மல் பிளாண்டுகளில் பாய்லர் குழாய்களை அல்ட்ராசவுண்டு வைத்துச் சோதிக்கிறவன். ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைப் பார்த்தால், அளந்தது யார், எந்தப் புரோப், கடைசியாக எப்போது கேலிப்ரேட் செய்தீர்கள் என்று கேட்டே பழக்கம். இங்கே அளந்தது ஒரு மனிதக் கை. அதை எங்கே கொண்டுபோய்க் கேலிப்ரேட் செய்வது?

அந்த 2, 1+ எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேடினேன். 1964-ல் ஆஷ்வொர்த் என்ற டாக்டர், மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளிகளுக்கு ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க 0 முதல் 4 வரை ஒரு அளவுகோல் வகுத்தார். 0 என்றால் இறுக்கம் இல்லை, 4 என்றால் அசைக்கவே முடியாது. 1987-ல் போஹனன், ஸ்மித் என்ற இருவர் அதில் 1+ என்று ஒரு படியைச் சேர்த்தார்கள். இன்றைக்கும் உலகம் பூராவும் இதுதான் நடைமுறை. ஊசி போடுவதா, எவ்வளவு போடுவது, கட்டுப் போடுவதா, ஆபரேஷனா என்று முடிவெடுக்கிற இடத்தில் இந்த எண் உட்கார்ந்திருக்கிறது. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. கையைத் தவிர வேறு கருவி இல்லாத காலத்தில் கையை ஒழுங்குபடுத்திய நல்ல காரியம் அது. ஆனால் இறுக்கத்தில் இரண்டு வகை உண்டு. நரம்பு சொல்லித் தசை சுருங்குவது ஒன்று. தசையே நாள்பட நார்போல் மாறி விறைத்துப் போவது இன்னொன்று. முன்னதற்கு ஊசி கேட்கும், பின்னதற்குக் கேட்காது. கையை மடக்கிப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்று சேர்ந்துதான் தட்டுப்படும்.

*

அல்ட்ராசவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்று ஒரு மகப்பேறு டாக்டர். இரும்பில் விரிசல் பார்க்கிற ஃப்ளா டிடெக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு, இதை வைத்து வயிற்றுக் கட்டியைப் பார்க்க முடியுமா என்று யோசித்தார். 1955 ஜூலையில், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் தொழிற்சாலைக்குப் போனார். பாய்லர் கட்டுகிற பாப்காக்தான். ஒப்பிட்டுப் பார்க்க என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்கள். தண்ணீர்க் கட்டி ஒரு மாதிரியும் கெட்டிக் கட்டி வேறு மாதிரியும் எதிரொலி கொடுத்தன. 1958-ல் டொனால்டு, மக்விகார், பிரவுன் மூவரும் லான்செட் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்கள். இதில் டாம் பிரவுன் ஒரு இன்ஜினியர். அதன் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

அந்த மாட்டிறைச்சி என்ன? எலும்புத் தசைதான். பாய்லர் ஷாப்பில் வைத்தே தசைக்கு அல்ட்ராசவுண்டு எடுத்தாகிவிட்டது. ஆனால் அதன் விறைப்பை அளக்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. காரணம் கருவியின் தரம் இல்லை, அலையின் குணம்.

எதிரொலியில் விறைப்பு தெரியாது. அல்ட்ராசவுண்டு என்பது அமுக்கு அலை. திசுவுக்குள் அது ஓடுகிற வேகத்தைத் தீர்மானிப்பது பல்க் மாடுலஸ். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை நாலு பக்கமும் சேர்த்து அமுக்கினால் அது மசியாது. அதனால் கொழுப்பில் நொடிக்குச் சுமார் 1450 மீட்டர், தசையில் சுமார் 1580 மீட்டர். வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள். விரல் வைத்து அமுக்கும்போது நமக்குத் தெரிவது இது இல்லை. தண்ணீர் நிறைந்த பலூனைக் கன அளவு குறைகிற மாதிரி அமுக்க முடியாது, ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் லேசாக ஆடும் அல்லவா? அந்த ஆட்டத்தை எதிர்க்கிற குணம் ஷியர் மாடுலஸ். பல்க் மாடுலஸ் இரண்டு கிகாபாஸ்கலுக்கு மேல் இருக்கிற திசுவில் ஷியர் மாடுலஸ் வெறும் சில கிலோபாஸ்கல். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மென்மையான திசுவுக்கும் இறுகிய திசுவுக்கும் நடுவே இந்த எண் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று மாறும். விரலுக்குத் தெரிவது இந்த மாற்றம்தான். எதிரொலிப் படத்தில் கறுப்பு வெள்ளையாகத் தெரிவது வேறு ஏதோ.

ஆகவே ஷியர் மாடுலஸ் வேண்டும் என்றால் ஷியர் அலையைப் பிடிக்க வேண்டும். இந்த அலையை அடையாளம் காட்டியது நம் நாட்டில் நடந்த ஒரு விபரீதம். 1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமில் பயங்கரமான நிலநடுக்கம். அதை ஆராய்ந்தவர் ஜியாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியாவைச் சேர்ந்த ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம். ஐரோப்பாவில் இருந்த கருவிகளில் அந்த அதிர்ச்சி பதிவாகியிருந்தது. அந்தக் கோடுகளைப் பார்த்த ஓல்டாம், அலைகள் எல்லாம் ஒன்றாக வந்து சேரவில்லை, தவணை தவணையாக வந்திருக்கின்றன என்று கண்டார். முதலில் வந்தது அமுக்கு அலை, இரண்டாவது ஷியர் அலை, கடைசியில் பூமியின் மேற்பரப்பில் ஊர்ந்து வந்த அலை. கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்த சங்கதியை நிஜ பூமியில் பிரித்துக் காட்டியது அவருடைய 1899-ஆம் வருஷத்து அறிக்கை. நெய்வேலிப் பக்கம் 1940-களில் துளை போட்டுப் பழுப்பு நிலக்கரியைத் தேடியதும் இதே சர்வேதான் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல்.

சிவில் படித்த நண்பர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். அவர்களுக்கு இது தினப்படி வேலை. ஒரு இடத்து மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்க, சம்மட்டியால் தரையில் ஒரு அடி அடித்து, ஷியர் அலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பார்கள். நொடிக்கு 180 மீட்டருக்குக் கீழே என்றால் தொளதொளப்பான மண், 760-ஐத் தாண்டினால் பாறை. வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் ஷியர் மாடுலஸ். தசைக்கும் இதே ஃபார்முலாதான். தளர்ந்த தசையில் நார் போகிற திசையில் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு, மூன்று மீட்டர். இரண்டு மீட்டர் என்றால் சுமார் 4 கிலோபாஸ்கல், மூன்று என்றால் 9. மனிதன் மெதுவாக ஓடுகிற வேகத்தில் ஒரு நிலநடுக்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

*

தட்டிப் பார்க்கிற கோஷ்டியில் நான் முதலில் வைப்பது ஹூஸ்டனில் இருந்த தாமஸ் கிரஸ்காப். அவருக்கு நோயைக் கண்டுபிடிக்கிற ஆசையெல்லாம் இல்லை. முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தும்போது, மிச்சம் இருக்கிற தொடை உட்காரும் குழிவு சரியாக அமைய வேண்டும். சதை எங்கே மெத்தென்று இருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது என்று தெரியாமல் குழிவு செய்தால் புண் வரும். 1987-ல் கிரஸ்காப், டோர்ட்டி, வின்சன் மூவரும் வெளியிலிருந்து உறுப்பை அதிரச் செய்து, உள்ளே திசு எவ்வளவு ஆடுகிறது என்பதை டாப்ளர் அல்ட்ராசவுண்டு மூலம் பார்த்தார்கள். நெருங்கி வருகிற ரயிலின் ஹாரன் சுருதி ஏறுகிறதே, அதே டாப்ளர்தான். இந்தத் துறையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் புற்றுநோயிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். என்னைக் கேட்டால் இந்தச் செயற்கைக் கால் வேலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தேவை இங்கே கண்ணுக்கு முன்னால் நின்றது.

அதே சமயத்தில் அமெரிக்காவில் ராசெஸ்டரில் லெர்னர், பார்க்கர் குழுவும், ஜப்பானில் சாட்டோவின் குழுவும் அதிர்வைப் படமாகவே காட்ட முயன்றார்கள். 1995-ல் லெவின்சன், ஷினகாவா, சாட்டோ மூவரும் ஒரு நேர்த்தியான சோதனை செய்தார்கள். ஆளை உட்கார வைத்து, காலில் எடை கட்டித் தாங்கச் சொல்லி, தொடைத் தசையில் அதிர்வு ஓடுகிற வேகத்தை அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். பாரம் ஏற ஏற வேகமும் ஏறியது. வீணைத் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுகிற மாதிரி. தசை சும்மா ஒரு பொருள் இல்லை, வேலை செய்யும்போது மாடுலஸ் மாறுகிற பொருள் என்பதை உயிருள்ள மனிதனிடம் எண்ணாகக் காட்டிய வேலை அது. ஸ்டீலுக்கு ஒரு மாடுலஸ், அலுமினியத்துக்கு ஒரு மாடுலஸ் என்று டேபிள் பார்த்துப் பழகிய நமக்கு இது ஒரு அதிர்ச்சி வைத்தியம்.

அமுக்கிப் பார்க்கிற கோஷ்டிக்குத் தலைவர் ஜோனதன் ஓஃபிர். இவரும் ஹூஸ்டன்தான். 1991-ல் செஸ்பெடிஸ், பொன்னெகண்டி, யஸ்தி, லீ என்ற நால்வருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையில்தான் எலாஸ்டோகிராஃபி என்ற பெயரே வந்தது. யோசனை எளிது. புரோபை வைத்து எதிரொலியைப் பதிவு செய். அதே புரோபால் லேசாக, ஒரு சதவீதம் போல, அமுக்கு. மறுபடி பதிவு செய். இரண்டு பதிவையும் துண்டு துண்டாக ஒப்பிட்டால் எந்த ஆழத்தில் எவ்வளவு நசுங்கியது என்று தெரியும். மெத்தென்ற இடம் அதிகம் நசுங்கும், கெட்டியான இடம் அப்படியே இருக்கும். தொடராகக் கோர்த்த ஸ்பிரிங்குகளைப் பற்றி ஃபர்ஸ்ட் இயரில் போட்ட கணக்குதான்.

இதில் ஒரு சிக்கல். நசுங்கிய அளவு தெரிகிறது. உள்ளே விழுந்த விசை எவ்வளவு என்று தெரியாது. ஆகவே பக்கத்துத் திசுவைவிட இது கெட்டி என்று சொல்லலாம், எத்தனை கிலோபாஸ்கல் என்று சொல்ல முடியாது. கட்டியைக் கண்டுபிடிக்க இது போதும், ஏனென்றால் கட்டிக்குப் பக்கத்திலேயே நல்ல திசு இருக்கிறது. தசைக்குப் போதாது. போன மாதத்துக் கையையும் இந்த மாதத்துக் கையையும் ஒப்பிட வேண்டியவனுக்குப் பக்கத்துத் திசு என்ன செய்யும்?

இருந்தாலும் ஓஃபிரின் ஆய்வகம் ஒரு பட்டறை மாதிரி ஆட்களை உருவாக்கியது. அங்கே வேலை செய்த தாமி வர்கீஸ் பிறகு விஸ்கான்சினில் பேராசிரியரானார். அருண் திட்டை அங்கிருந்து வந்து சென்னை ஐ.ஐ.டி.யில் அப்ளைடு மெக்கானிக்ஸ் துறையில் பேராசிரியராகச் சேர்ந்து அல்ட்ராசவுண்டு ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார். ஹூஸ்டன் குழுவில் அவர் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. மார்பில் வரும் சாதாரணக் கட்டி சுற்றியுள்ள திசுவோடு ஒட்டாமல் நழுவும், புற்றுக்கட்டி வேர்விட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அமுக்கும்போது கட்டியின் ஓரத்தில் ஷியர் எப்படி விழுகிறது என்று பார்த்தால் ஒட்டியதா, நழுவுகிறதா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. போல்ட் ஜாயிண்டா வெல்டிங் ஜாயிண்டா என்று வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி.

நம் பக்கத்துப் பெயர் என்று சொல்லும்போது இன்னொன்றையும் விடக்கூடாது. 1995-ல் சயன்ஸ் பத்திரிகையில், எம்.ஆர்.ஐ. கருவியால் திசுவுக்குள் ஷியர் அலை ஓடுவதையே படமாக எடுத்துக் காட்டிய கட்டுரை வந்தது. மேயோ கிளினிக்கில் நடந்த வேலை. முதல் ஆசிரியர் பெயர் ராஜா முத்துப்பிள்ளை. எர்மன், கிரீன்லீஃப் போன்ற பெரிய பெயர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால்தான். அலை நீளம் நீண்டிருந்தால் கெட்டி, குறுகியிருந்தால் மென்மை என்று கண்ணால் பார்க்கிற அளவுக்கு அந்தப் படங்கள் தெளிவு. பிறகு இதே முறையைத் தசைக்கும் பயன்படுத்தினார்கள். ஆனால் எம்.ஆர்.ஐ. குகைக்குள் படுத்துக்கொண்டு என்ன உடற்பயிற்சி செய்து காட்ட முடியும்?

*

அல்ட்ராசவுண்டுக்காரர்களுக்கு இருந்த பெரிய தலைவலி இரண்டு. தட்டுவதை வெளியிலிருந்து தட்டினால், தோலையும் கொழுப்பையும் தாண்டி எந்தத் தசைக்குப் போய்ச் சேருகிறது என்பது நம் கையில் இல்லை. இது ஒன்று. இன்னொன்று வேகம். நொடிக்கு மூன்று மீட்டர் ஓடுகிற அலை, மூன்று சென்டிமீட்டர் அகலப் படத்தை நூறில் ஒரு நொடியில் கடந்துவிடும். சாதாரண ஸ்கேன் மெஷின் நொடிக்கு முப்பது, ஐம்பது படம் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அலை வந்து போயே விடும். எக்ஸ்பிரஸ் ரயில் போன பிறகு கேட்டைத் திறந்து பார்க்கிற கதை.

முதல் தலைவலிக்கு மருந்து, அல்ட்ராசவுண்டையே சுத்தியலாகப் பயன்படுத்துவது. சத்தத்துக்குத் தள்ளுகிற சக்தி கொஞ்சம் உண்டு. கற்றையை ஒரு புள்ளியில் குவித்து, ஒரு நொடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் அழுத்திப் பாய்ச்சினால், அந்தப் புள்ளியில் திசு சில மைக்ரான் நகரும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். விட்டதும் அது திரும்பும்போது குளத்தில் கல் போட்ட மாதிரி ஷியர் அலை கிளம்பும். 1998-ல் சர்வஸ்யான் குழு இந்த யோசனையை முழுசாக எழுதியது. 2002-ல் டியூக் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் நைட்டிங்கேல் குழு மனித உடம்பில் செய்து காட்டியது.

இரண்டாவது தலைவலிக்கு மருந்து பாரிஸில் கிடைத்தது. மத்தியாஸ் ஃபிங்க் குழுவினர், கற்றையைக் கோடு கோடாக ஓட்டிப் படம் கட்டுவதை விட்டுவிட்டு, மொத்தப் பரப்புக்கும் ஒரே வீச்சில் அலையை அனுப்பித் திரும்பி வருவதை எல்லாம் கம்ப்யூட்டரில் வாங்கிப் பிறகு படம் கட்டினார்கள். நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம். 2004-ல் பெர்காஃப், டான்டெர், ஃபிங்க் மூவரும் வெளியிட்டதற்கு சூப்பர்சோனிக் ஷியர் இமேஜிங் என்று பெயர். பெயரில் விளம்பர வாசனை அடித்தாலும் அர்த்தம் உண்டு. சுத்தியல் அடியை ஒரே புள்ளியில் அடிக்காமல், ஆழம் ஆழமாக அடுத்தடுத்த புள்ளிகளில், ஷியர் அலையைவிட வேகமாக இறக்கிக்கொண்டே போனார்கள். ஒலியை மிஞ்சிய விமானத்துக்குப் பின்னால் கூம்பு மாதிரி அதிர்வு விரியுமே, அதுபோலத் திசுவுக்குள்ளேயே ஒரு கூம்பு. மாக் நம்பர் படித்தவர்கள் தொடைச் சதைக்குள் அதைச் சந்திப்போம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

தசையைப் பொறுத்தவரை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இதே பாரிஸ் பள்ளியிலிருந்து ஒரு வருஷம் முந்தி வந்த கட்டுரை. ஜெனிசன் என்பவரும் சகாக்களும் 2003-ல் எழுதியது. தசை, மரப் பலகை மாதிரி நார் ஓடுகிற பொருள். நாரோடு ஓடும் அலை வேகமாக ஓடும், நாருக்குக் குறுக்கே ஓடுவது மெதுவாக ஓடும். அவர்கள் ஒரு கம்பியை வைத்துத் திசை தவறாமல் அதிர்வைக் கொடுத்து, முதலில் மாட்டிறைச்சியிலும், பிறகு மனிதனின் மேற்கைத் தசையிலும் வேகமான அலை ஒன்று, மெதுவான அலை ஒன்று என இரண்டும் இருப்பதைக் காட்டினார்கள். தசையை அளக்கிறவன் அலையின் வேகத்தை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னான், எந்தத் திசையில் என்றும் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. 2010-ல் பிரான்சில் நான்ட் நகரத்தைச் சேர்ந்த நோர்டெஸ், ஹூக் இருவரும், தசையின் மின்சாரச் செயல்பாடு கூடக் கூட ஷியர் மாடுலஸும் அதோடு சேர்ந்தே ஏறுகிறது என்று காட்டினார்கள். நரம்பு சொல்லிச் சுருங்குவது ஒன்று, தசையே விறைத்தது ஒன்று என்று மேலே சொன்னேன் அல்லவா? மின்சாரம் ஒரு பக்கம், விறைப்பு ஒரு பக்கம் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்தால் அவற்றைப் பிரிக்க வழி பிறக்கிறது. மின்சாரம் அடங்கியிருந்தும் விறைப்பு இருந்தால், அங்கே மாறியிருப்பது தசையே.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? கல்லீரலுக்கு ஏறக்குறையத் தீர்ந்தது. 2000-களிலிருந்து கல்லீரல் விறைப்பை இப்படி அளப்பது ஆஸ்பத்திரி நடைமுறைக்கே வந்துவிட்டது. நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் எடுக்கிறார்கள். தசை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சியில்தான் நிற்கிறது. கல்லீரல் சமர்த்தாக ஒரே இடத்தில் கிடக்கும், அதற்கு நார்த் திசை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தசை அப்படி இல்லை. முழங்கையைப் பத்து டிகிரி கூடுதலாக நீட்டினால் எண் மாறும். புரோபைச் சற்று அழுத்திப் பிடித்தால் மாறும். நாரின் திசையிலிருந்து புரோப் திரும்பினால் மாறும். ஆள் பயத்தில் லேசாக இறுக்கிக்கொண்டாலும் மாறும்.

இதைவிட மோசமான ஒரு சங்கதி உண்டு. சில கருவிகள் திரையில் ஷியர் மாடுலஸைக் காட்டுவதில்லை, அதை மூன்றால் பெருக்கி யங்க்ஸ் மாடுலஸ் என்று காட்டும். எல்லாத் திசையிலும் ஒரே குணம் உள்ள, கன அளவு மாறாத பொருளுக்கு இந்த மூன்று சரி. நார் உள்ள தசைக்குச் சரியில்லை. விவரம் தெரிந்தவர்கள் திரும்ப மூன்றால் வகுத்து எழுதுகிறார்கள், மற்றவர்கள் திரையில் கண்டதை எழுதுகிறார்கள். கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே தசைக்கு மூன்று மடங்கு வித்தியாசத்தில் எண் கிடைக்கும், இரண்டும் கிலோபாஸ்கல் என்றே போட்டிருக்கும். எண் என்று வந்துவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இதை நான் காட்டுவது வழக்கம். ஆனால் இந்தச் சண்டைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடித்துச் சரி செய்யலாம். 2-க்கும் 1+-க்கும் நடுவில் அப்படித் தேட ஒன்றுமே இல்லை.

கடைசியாக, இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு. புராஜெக்டுக்காக ஒரு பழைய ஸ்கேன் மெஷினைக் கல்லூரி லேபுக்கு வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் நிறைவேறி 1996-ல் அமலுக்கு வந்து, 2003-ல் இன்னும் கடுமையாக்கப்பட்ட சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாத இடத்துக்கு அந்த மெஷினை விற்பதே குற்றம். தொடைச் சதையைத்தானே பார்க்கிறோம் என்று அலுத்துக்கொள்கிற இன்ஜினியர்கள் உண்டு. நான் அலுத்துக்கொள்ள மாட்டேன். நம் மாநிலத்தில் பெண் குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து, பதிவு உள்ள இடத்தில் போய் வேலை செய்வதுதான் வழி.

மெஷின் இல்லாமலும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. 2018-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின், தெலன் என்பவர்களும் சகாக்களும், குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணைத் தோலுக்கு வெளியிலிருந்து ஒரு சின்னக் கருவியால் தட்டி, சற்றுத் தள்ளி ஒட்டிய இரண்டு ஆக்ஸிலரோமீட்டர்களுக்கு நடுவே அலை ஓடும் நேரத்தை அளந்து, நடக்கும்போது தசைநாணில் எவ்வளவு இழுவிசை என்று கண்டார்கள். இதற்கு அல்ட்ராசவுண்டே வேண்டாம். மளிகைக் கடையில் விற்கிற கடல்பாசியைக் காய்ச்சி ஒரு தட்டில் ஊற்றி, ஒன்றை நீர்க்கவும் ஒன்றைக் கெட்டியாகவும் செய்து, முதலில் அதில் பழகலாம். கெட்டியானதில் அலை வேகமாக ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் ஒயரிங்கைப் பாருங்கள். செல்போனில் இருக்கிற ஆக்ஸிலரோமீட்டர் இதற்கு உதவாது. நொடிக்குச் சில நூறு தடவைதான் அது படிக்கும். மூன்று சென்டிமீட்டர் இடைவெளியை நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் அலை கடக்க ஆகும் நேரம் பத்து மில்லிசெகண்டு. அதை நூற்றில் ஒரு பங்கு துல்லியமாக அளக்க நொடிக்குப் பத்தாயிரம் தடவையாவது படிக்கிற கருவி வேண்டும். தசைநாணில் அலை இதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும், அதற்குத் தக்கபடி கூட்டிக்கொள்ளுங்கள்.